ஓங்கிய வலக்கை

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மாலை ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிட வேண்டியதுதான். அப்படியொரு மாலையில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுத் தாத்தாவுடன் அமர்ந்து, லியோன் காஸ்ட் இயக்கிய ‘வென் வி வேர் கிங்ஸ்’ என்ற ஆவணப்படத்தைப் பார்த்தேன். தாத்தா இளமையில் குத்துச்சண்டை வீரர். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியபோது, கையில் காசில்லாமல் போகாது விட்டதை இன்றும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

1974 அக்டோபர் 30 அன்று, அப்போது ஜயர் என்று பெயர் கொண்டிருந்த காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில், அலியும் அன்றைய உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன் ஜார்ஜ் போர்மனும் மோதிய போட்டியே படத்தின் பொருள். அமெரிக்க ரசிகர்களின் நேரத்துக்கு ஏற்ப, அங்கே விடியற்காலை நான்கு மணியளவில் மணி அடித்தார்கள். நம் மலையில் அப்போது காலை எட்டரை, கொழுந்து பறிப்பவர்கள் தோட்டத்தில் இறங்கியிருக்கும் வேளை. ஆளுக்கு 50 லட்சம் டாலர் என்ற பரிசுத்தொகைக்குப் பின்னால் நின்றவர் சர்வாதிகாரி மொபுட்டு. அவரைப் பற்றிப் படம் இன்னும் கடுமையாகப் பேசியிருக்கலாம் என்பது என் குறை.

செப்டம்பரிலேயே நடந்திருக்க வேண்டிய போட்டி அது. பயிற்சியில் போர்மனின் கண்ணுக்கு மேல் வெட்டு விழுந்ததால் ஐந்து வாரம் தள்ளிப்போயிற்று. அந்தக் காத்திருப்புதான் படத்தின் உயிர். அலி தெருவில் ஓடுகிறார், குழந்தைகளோடு விளையாடுகிறார், ஊரையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். “அலி போமா யே”, அதாவது ‘அலி, அவனைக் கொல்’ என்ற லிங்காலா மொழி முழக்கம் எங்கும் எழுகிறது. போர்மனோ ஓர் அல்சேஷன் நாயுடன் வந்து இறங்கினார். பெல்ஜியக் காலனி ஆட்சியின் காவல் நாய்களை அந்த மக்களுக்கு அது நினைவூட்டியது. அவரும் கறுப்பினத்தவர்தான், அவருக்கு வயது 25தான்; ஆனாலும் படம் அவரைப் பேசா அரக்கனாகவே நிறுத்திவிடுகிறது. பணமில்லாமல் 22 ஆண்டுகள் முடங்கிக் கிடந்து 1996இல் வெளிவந்த இந்தப் படம் ஆஸ்கர் வென்ற இரவில், பார்க்கின்சன் நோயால் நடுங்கிய அலியைக் கைகொடுத்துப் படியேற்றியவர் அதே போர்மன் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த அநியாயம் கூடுதலாக உறுத்தும்.

இரண்டாம் சுற்றிலிருந்தே அலி கயிற்றில் சாய்ந்து அடிகளை வாங்கத் தொடங்கியபோது, தாத்தா எழுந்து எங்கள் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முகத்துக்கு முன் முஷ்டிகளை உயர்த்திக் காட்டினார். அடிப்பவனின் தோள்தான் முதலில் சோரும் என்றார். 40 போட்டிகளில் தோல்வியே காணாத, முந்தைய சாம்பியன் ஜோ பிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு முறை சாய்த்த போர்மனின் தோள்கள் ஐந்தாம் சுற்றுக்குப் பின் கனத்துத் தொங்குவதைப் படம் நன்றாகவே காட்டுகிறது.

எட்டாம் சுற்றில், அலியின் குத்து வாங்கிய போர்மன் சுழன்று விழும் இடத்தில் தாத்தா நிறுத்தச் சொன்னார். விழுகிறவரைச் சுற்றியபடியே அலி வலக்கையை ஓங்கி வைத்திருக்கிறார், ஆனால் இறக்கவில்லை.

“பாத்தியா கண்ணு, இன்னொன்னு போட்டிருக்கலாம். போடல,” என்றவர், மறுபடியும் ஓட்டச் சொன்னார்.