கண்ணில் தொங்கும் உயிர்

இன்று காணொளி ஒன்றில் கிரீன்லாந்து சுறாவைப் பார்த்தேன். அதன் கண்ணிலிருந்து வெளிர்நிற நூல் போன்ற ஏதோ ஒன்று தொங்கி அசைந்துகொண்டே இருந்தது.

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அது நூலன்று, உயிர். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவான அந்த ஒட்டுண்ணி, சுறாவின் கருவிழியை மூடியிருக்கும் தெளிந்த படலத்தில் தன்னைப் பொருத்திக்கொண்டு, அந்தத் திசுவையே தின்று வாழ்கிறது.

சுறாவோ அதைப் பொருட்படுத்தியதாகவே தெரியவில்லை. வட அட்லாண்டிக், ஆர்க்டிக் கடல்களின் குளிர்ந்த இருளில், வினாடிக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் என்ற கணக்கில், அவசரமே அறியாமல் (பார்க்கும் நமக்குத்தான் பொறுமை போகிறது) அது நகர்கிறது.

அதன் வயதைக் காட்டிக்கொடுத்ததும் கண்தான்.

விழிவில்லையின் நடுப்பகுதி கருவிலேயே உருவாகிப் பின்னர் மாறாமல் தங்கிவிடுவதால், அதிலுள்ள, பழமையைக் கணிக்க உதவும் கதிரியக்கக் கார்பனை அளந்த ஆய்வாளர்கள், 5 மீட்டர் நீளமுள்ள பெண் சுறா ஒன்றுக்கு 272 முதல் 512 வயது வரை இருக்கலாம் என 2016இல் கணித்தார்கள்.

பெண் சுறா பருவமடைவதே ஏறக்குறைய 150 வயதில்தானாம்.

அப்படியானால், மீன்பிடி வலையில் தவறிச் சிக்கும் 100 வயதுப் பெண் சுறா, இன்னும் ஒரு குட்டிகூட ஈனாதது.