கௌரவ விரிவுரையாளரும் மொய் நோட்டும்

போன ஞாயித்துக்கிழமை தூரத்து சொந்தத்துல ஒரு காதுகுத்து. பத்திரிகைல "அன்புடன் வரவேற்கும்" லிஸ்ட்ல என் பேர் முதல்ல, பக்கத்துல 'முனைவர், பேராசிரியர், அரசு கலைக் கல்லூரி'ன்னு கொட்டை எழுத்துல. மொய் எழுதிட்டு இருந்த அண்ணன் என்னை பாத்ததும் எந்திரிச்சு "வாங்க சார்"னாரு, நான் கவர நீட்டறதுக்குள்ளயே நோட்டுல என் பேரும் 1001ம் ஏறிடுச்சு. கவர்ல இருந்தது 501. அடிச்சு எழுதுங்கன்னு சொல்ல வாய் வரல, வீட்டுக்காரம்மாகிட்ட சிலிண்டருக்கு வச்சிருந்த 500ஐ வாங்கி சேத்து வச்சேன். அந்தம்மா ஒன்னுமே சொல்லல, அதுதான் ராத்திரி முழுக்க தூங்க விடல.

நான் பேராசிரியர் இல்லங்க, கௌரவ விரிவுரையாளர், அதாவது நிரந்தரம் இல்லாம தொகுப்பூதியத்துல பாடம் எடுக்கறவன். வரலாறு எடுக்கறேன், பி.எச்டி முடிச்சிருக்கேன், காலேஜ் வாத்தியாருக்கான தகுதித் தேர்வு நெட்டும் பாஸ். 20,000ல சேந்தேன், இடையில அத 25,000 ஆக்கினாங்க. அதுவும் வருஷத்துக்கு 11 மாசம்தான், மே மாசம் கிடையாது. அதே ஸ்டாஃப் ரூம்ல எதிர் சீட்ல புதுசா சேர்ற நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700, அதுக்கு மேல டிஏ, வீட்டு வாடகைப்படி எல்லாம் தனி. அவர் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, அவர் வாங்கறதுதான் சரியான சம்பளம். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாசம் 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2019லயே சொல்லிடுச்சு, எங்க கைக்கு வந்தது அதுல பாதி.

2024 மார்ச்ல ஆசிரியர் தேர்வு வாரியம், அதான் டிஆர்பி, 4,000 நிரந்தர உதவிப் பேராசிரியர் இடத்துக்கு அறிவிப்பு விட்டப்போ எங்க ரூம்ல ஒருத்தர் அழுதே விட்டாரு, அவருக்கு அப்பவே 48 வயசு. ஆகஸ்ட் 4 எக்ஸாம்னாங்க, அந்த தேதியில நடக்கல.

ஊர்ல குடுக்கற மரியாதை பொய் இல்ல. டீக்கடைல பெஞ்ச தொடச்சு உக்கார வைக்கறாங்க, பிள்ளைய எந்த குரூப்ல சேக்கறதுன்னு வீடு தேடி வந்து கேக்கறாங்க, அதெல்லாம் மனசார செய்யறதுதான். ஆனா அந்த மரியாதையே நம்ம வாய கட்டிப் போட்டுடுது. சம்பளம் பத்தலன்னு சொன்னா சார் இப்படி பேசலாமான்னு ஆயிடுது. மே மாசம் வேற வேலைக்கு போகலாம்னா எங்க போறது? எங்க டிபார்ட்மென்ட் நண்பர் ஒருத்தர் பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் ஏறிப் போயி கேட்டரிங்ல பரிமாறிட்டு வர்றாரு, மூஞ்சில மாஸ்க் போட்டுக்கிட்டு, பந்தியில ஸ்டூடண்ட் யாராச்சும் உக்காந்திருந்தா என்ன பண்றதுன்னு பயம். தினம் 700 ரூபா கிடைக்குதாம். உழைச்சு சம்பாதிக்கறதுக்கு ஒரு மனுஷன் ஏன் மூஞ்சிய மூடணும்னு எனக்கு இன்னும் ஆறல.

போனுல லோன் வேணுமான்னு கேக்கற பேங்க்கே தொகுப்பூதியம்னு சொன்னதும் கட் பண்ணிடுது. பொண்ணு பாக்கப் போற பசங்க நிலைமை இன்னும் மோசம், 'காலேஜ் வாத்தியார்'னு கேட்டு வர்ற சம்பந்தம் சம்பளத்த சொன்னதும் ஜாதகம் பொருந்தலன்னு போயிடுது.

நேத்து சித்தி பையன் போன் பண்ணினான், அடுத்த மாசம் அவன் புது வீடு பால் காய்ச்சறான், "அண்ணே பத்திரிகைல உங்க பேருக்கு பக்கத்துல பேராசிரியர்னு போட்டுடவா?"ன்னு கேட்டான். முதல் தடவையா எல்லாத்தையும் சொன்னேன், 25,000, 11 மாசம், மே மாசம், எல்லாம். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் "இத்தன வருஷமா ஏண்ணே சொல்லல, இப்ப என்னதான் போடறது?"ன்னான். கௌரவ விரிவுரையாளர்னே போடுடா, யாராச்சும் அப்படின்னா என்னன்னு கேட்டா சம்பளத்தையும் சேத்தே சொல்லிடுன்னேன்.