மொட்டைக் கடுதாசியும் மை தடவிய ஸ்டாம்பும்

தபால் ஆபீசில் சார்ட்டிங் பார்த்தவர்கள் மொட்டைக் கடுதாசியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். விலாசம் இடது கையால் எழுதியது போலக் கோணிக்கொண்டு போகும். இல்லாவிட்டால் எல்லாம் கொட்டை எழுத்து. சில புண்ணியவான்கள் ஸ்டாம்பே ஒட்ட மாட்டார்கள். ஒட்டாத கடிதத்துக்கு வாங்குகிறவர்தான் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். காசு கொடுத்துத் திட்டு வாங்குவதை எங்கள் கவுண்டரிலேயே பார்த்திருக்கிறேன்.

அதனாலோ என்னவோ, ‘விக்கிட் லிட்டில் லெட்டர்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தை விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்தேன். இங்கிலாந்தின் தெற்குக் கரையில் லிட்டில்ஹாம்ப்டன் என்ற சின்ன ஊரில் 1920-களில் நிஜமாகவே நடந்த வழக்கு இது. பக்திமானான ஈடித் ஸ்வானுக்குக் காது கூசும் வசவுக் கடிதங்கள் வருகின்றன. பழி, பக்கத்து வீட்டு ரோஸ் குடிங் மேல். ரோஸ் வாய் நீளமானவள், போதாதா? நிஜத்தில் அந்தப் பெண் இரண்டு முறை சிறைக்குப் போனார். எழுதியது ஈடித்தேதான் என்பதைப் படம் கடைசிவரை பொத்தி வைப்பதில்லை. அதுவும் நல்லதுதான். வசவை எழுதி முடித்ததும் ஈடித்தாக நடிக்கும் ஒலிவியா கோல்மன் முகத்தில் வரும் திருப்தி இருக்கிறதே, அதற்காகவே பார்க்கலாம். அதட்டும் அப்பாவுக்கு அடங்கியே வயதான மகளுக்கு வேறு எங்கே போக்கிடம்?

எனக்கு அதிகம் பிடித்தது போலீஸ்காரி கிளாடிஸ் மாஸ். நடித்திருப்பவர் சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த அஞ்சனா வாசன். வாய்க்கு வாய் ‘பெண் போலீஸ்’ என்றே சொல்லி மேலதிகாரிகள் அவரை ஓரங்கட்டுகிறார்கள். எங்களுக்கும் ‘லேடி போஸ்ட்மேன்’ உண்டு. பை கனத்தில் மட்டும் ஆண், பெண் வித்தியாசம் பார்த்ததில்லை.

ஒரே ஒரு குறை. வெறும் கண்ணுக்குத் தெரியாத மையால் ஸ்டாம்பில் அடையாளம் போட்டு ஈடித்தைப் பிடிப்பதைப் படம், மாஸும் அக்கம்பக்கத்துப் பெண்களும் செய்த சாகசமாகக் காட்டுகிறது. நிஜத்திலும் மாஸ் கண்ணில் ஈடித் சிக்கினார். ஆனால் கோர்ட் நம்பவில்லை, விட்டுவிட்டார்கள். இவ்வளவு மரியாதையான பெண்ணா இப்படி எழுதுவாள் என்று கேட்டால் தீர்ந்தது வழக்கு. கடைசியில் 1923-ல் மாட்டியது தபால் இலாகாவிடம். அடையாளமிட்ட ஸ்டாம்புகளை ஈடித்துக்கென்று எடுத்து வைத்து விற்று, அவர் பெட்டியில் போட்டதும் எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு மாதச் சிறை.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவரிடம் இந்தக் கதையை உற்சாகமாகச் சொன்னேன். ஈடித்தைப் பற்றியோ ரோஸைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

“அந்த ஸ்டாம்பையெல்லாம் தனியா வெச்சிருந்தாங்கன்னா, ராத்திரி கணக்கு முடிக்கும்போது ஸ்டாக்குல எப்படிம்மா காட்டியிருப்பாங்க?” என்றார்.