எரிபொருட் கலத்தில் காசு கரைவது எங்கே?

எரிபொருளையும் காற்றையும் கொண்டு உயர்சூட்டில் மின் தரும் திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலத்தைப் பற்றிக் கதை எழுந்தால் யாராவது ஒருவர் புல்மோட்டைக் கடற்கரை மணலை இழுத்துவிடுவார். மணலில் சிர்கோன் உண்டு, சிர்கோனிலிருந்து சேர்க்கோனியா எடுக்கலாம், சேர்க்கோனியாதான் கலத்தின் மின்பகுபொருள், அதாவது காற்றுப் பக்கக் கதோட்டுக்கும் எரிபொருட் பக்க அனோட்டுக்கும் இடையில் ஒட்சைட்டு அயன்களைக் கடத்தும் பீங்கான் படலம். ஆகவே இலங்கையில் கலம் மலிவாகும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம்.

10 சென்ரிமீற்றர் சதுரக் கலம், தடித்த அனோட்டு மற்றப் படைகளைத் தாங்கும் வகை. மின்பகுபொருட் படலத்தின் தடிப்பு 10 மைக்குரோமீற்றர். அதன் கனவளவு 0.1 கன சென்ரிமீற்றர், நிறை ஏறக்குறைய 0.6 கிராம். இயங்கும் பரப்பு 80 சதுர சென்ரிமீற்றர், சதுர சென்ரிமீற்றருக்கு 0.5 அம்பியர், 0.8 வோல்ற்று என்றால் ஒரு கலம் 32 வாற்று தரும். 1 கிலோவாற்றுக்கு 32 கலங்கள். படலத்தின் மொத்த நிறை 20 கிராமுக்குள் அடங்கிவிடும். அனோட்டுத் தாங்கியிலும் சேர்க்கோனியா இருக்கிறதுதான். அதைச் சேர்த்தாலும் சில நூறு கிராம். அதிலும் மணலில் வரும் சிலிக்காவை முற்றாக நீக்காவிட்டால் அது பீங்கானின் படிகமணிகளுக்கு இடையிலுள்ள எல்லைகளில் தேங்கி ஒட்சைட்டு அயன்களின் ஓட்டத்தை மறிக்கும். மூலப்பொருளில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை.

மிச்சம் பிடிக்க வேண்டியது ஆயுளில். வலு 20 வீதம் குறைந்ததும், கலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த அடுக்கை மாற்றுவதாக வையுங்கள். 1000 மணித்தியாலத்துக்கு 1 வீதம் தேய்ந்தால் 20,000 மணித்தியாலம், அதாவது இரண்டேகால் வருடம். 0.5 வீதமென்றால் நாலரை வருடம். 0.2 வீதத்துக்கு இறக்கினால் 100,000 மணித்தியாலம். இது கடதாசிக் கணக்கு மட்டுமல்ல: ஜேர்மனியின் யூலிச் ஆய்வு மையத்தில் 2007இல் மூட்டிய சிறிய அடுக்கொன்று 700 பாகை செல்சியசில் 100,000 மணித்தியாலத்தைத் தாண்டி ஓடியது.

அந்த 700தான் விஷயம். 1000 பாகையில் ஓடிய பழைய கலங்களுக்கு, ஒரு கலத்தை அடுத்த கலத்தோடு மின்னால் இணைக்கும் இடைத்தகடும் விலை கூடிய பீங்கானாகவே இருக்கவேண்டியிருந்தது. 800க்குக் கீழே வந்தால் உருக்குத் தகடு போதும். ஆனால் எந்த உருக்கு என்பதில் தவறக்கூடாது. கடையில் கிடைக்கும் 304 வகைக் கறையில் உருக்கு சூட்டில் விரியும் அளவு பீங்கானைவிட மிக அதிகம். சில தடவை சூடேறி ஆறுவதற்குள் கலம் கீறிவிடும். 430 வகை உருக்கு விரிவில் பொருந்தும், ஆனால் அதிலுள்ள சிலிக்கன், கறட்படைக்கு அடியில் மின்கடத்தாத சிலிக்காவாகப் படர்ந்து தடையை ஏற்றும். 22 வீதம் குரோமியமும் சிறிதளவு மங்கனீசும் லந்தனமும் சேர்ந்த குரோஃபர் 22 போன்ற உருக்கு இதற்கென்றே செய்யப்பட்டது. தகட்டை மெலிதாக்கி அச்சில் அழுத்திச் செய்தால் செலவு இறங்கும். அளவுக்கு மிஞ்சி மெலிந்தால் உள்ளிருக்கும் குரோமியம் தீர்ந்து, தகடு ஒரேயடியாகக் கறள் பிடித்துப் பொரிந்துபோகும்.

யாழ்ப்பாணத்துக்கென்று தனியாக ஒரு தலையிடி இருக்கிறது: ஈரப்பதன். குரோமியம் ஒட்சைட்டு, ஒட்சிசனோடும் நீராவியோடும் சேர்ந்து வாயுவாக எழும்பி, கதோட்டில் போய்ப் படிந்து அதை முடக்கும். எழும்பும் வேகம் நீராவியின் பகுதியமுக்கத்தோடு நேராகக் கூடும். 30 பாகையில் 80 வீத ஈரப்பதன் என்றால் காற்றில் 3.4 வீதம் நீராவி. 0 பாகையில் காற்று முற்றாக நிரம்பினாலும் 0.6 வீதம்தான். குளிர்நாட்டில் உலர்ந்த காற்றில் அளந்த தேய்வு வீதத்தை அப்படியே தூக்கி இங்கே வைக்கமுடியாது. விற்பவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எந்த ஈரப்பதனில் சோதித்தீர்கள் என்பதே.

மருந்து, தகட்டின் காற்றுப் பக்கத்தில் மங்கனீசு-கோபால்ற்று ஸ்பினல் (ஒருவகைக் கலப்பு ஒட்சைட்டு) பூச்சு, 10 முதல் 15 மைக்குரோமீற்றர். தூளைக் கரைசலாக விசிறிப் பூசி நேரே காற்றில் சுட்டால் பூச்சு துளைத்துளையாக நிற்கும். முதலில் ஐதரசனில் சுட்டு உலோகமாக ஒடுக்கி, பிறகு காற்றில் ஒட்சியேற்றினால்தான் இறுகும். பலர் தகட்டைப் பூசிவிட்டு, அதற்கு முன்னாலுள்ள சூடான காற்றுக்குழாயை மறந்துவிடுகிறார்கள். அதுவும் குரோமியம் கக்கும் உருக்குத்தான். அந்தக் குழாய்க்கு அலுமினாப் படை கட்டும் உருக்கைப் பாவிக்கலாம். அலுமினா மின் கடத்தாது என்பதால் இடைத்தகட்டுக்கு அது உதவாது. உப்புக்காற்றுக்கு உள்ளெடுக்கும் வாயில் நுண்வடி தேவை. டீசல் ஜெனரேற்றரின் புகைபோக்கிக்கு அருகே அந்த வாய் இருக்கவே கூடாது: புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டு கதோட்டின் ஸ்ரோன்சியத்தைச் சல்பேற்றாக்கிவிடும்.

அதே ஸ்ரோன்சியம் சேர்க்கோனியாவோடு சேர்ந்தாலும் கடத்தாத படைதான் உண்டாகும். அதனால் இரண்டுக்கும் இடையில் கடோலினியம் கலந்த சீரியா (சீரியம் ஒட்சைட்டு) படை, 3 முதல் 5 மைக்குரோமீற்றர். இதை 1250 முதல் 1300 பாகைக்குள் சுடவேண்டும். குறைந்தால் துளைகளூடாக ஸ்ரோன்சியம் கசியும், கூடினால் சீரியாவும் சேர்க்கோனியாவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கடத்தல் குறையும். கதோட்டைப் பிறகு 1050 முதல் 1100க்குள் சுட்டால் போதும்.

கரண்ட் போவது இன்னொரு எமன். ஊதியும் எரிபொருளும் நின்றதும் காற்று அனோட்டுக்குள் புகும். அனோட்டிலுள்ள நிக்கல், நிக்கல் ஒட்சைட்டாகும்போது கனவளவு ஏறக்குறைய 70 வீதம் பெருக்கும். மெல்லிய மின்பகுபொருள் கீறிவிடும். 5 வீத ஐதரசன், 95 வீத நைதரசன் கலந்த சிலிண்டரொன்றை, மின் இல்லாதபோது தானாகத் திறக்கும் வகை வால்வோடு இணைத்துவிடுங்கள். மின் இருக்கும்போது திறக்கும் வால்வைப் பூட்டிவிட்டுப் பாதுகாப்பென்று நம்பியிருப்பதில் பயனில்லை. கலம் 350 பாகைக்குக் கீழே ஆறும்வரை அந்த வாயு ஓடவேண்டும். சிலிண்டரின் அளவை அதற்கேற்பத் தீர்மானியுங்கள்.

எரிபொருள் சமையல் காஸ் என்றால், ஒழுக்கு தெரிவதற்காகச் சேர்க்கும் மணமே மேர்கப்ரன், அதாவது கந்தகம். நிக்கலுக்கு மில்லியனில் ஒரு பங்கும் கூடுதல். சாணவாயுவில் ஐதரசன் சல்பைட்டு வரும். இரண்டுக்கும் கந்தகத்தை உறிஞ்சும் தூள் அடைத்த வடிதூண் வேண்டும். நிரம்புவதற்கு முன்பே தூளை மாற்றவும் வேண்டும், ஏனென்றால் நிரம்பிய தூண் எச்சரிக்கை தராது. அனோட்டில் கரி படியாமலிருக்க மெதேனின் ஒரு காபனுக்கு இரண்டு பங்காவது நீராவி கொடுக்கவேண்டும். புரொப்பேன், பியூட்டேனுக்கு அதிலும் கூட. அந்த நீராவிக்குக் கிணற்றுத் தண்ணியை விடாதீர்கள். வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு இங்கே ஆவியாக்கியின் நுண்குழாயை அடைத்துவிடும். அயன்நீக்கிய நீர் தேவை, கடத்துதிறன் சென்ரிமீற்றருக்கு 1 மைக்குரோசீமனுக்குக் கீழே.

அடுக்கு வந்து சேர்ந்ததும் முதலில் சுமையில்லாமல் ஒவ்வொரு கலத்தின் வோல்ற்றளவையும் எடுங்கள். 750 பாகையில், 3 வீத ஈரமுள்ள ஐதரசனில், 1.1க்குக் கிட்ட நிற்கவேண்டும். 1.05க்குக் கீழே நிற்கும் கலத்தில் கண்ணாடி அடைப்பு ஒழுகுகிறது, அல்லது படலத்தில் ஊசித்துளை இருக்கிறது. அதைச் சுமையேற்றிச் சரிக்கட்ட முடியாது. உத்தரவாதம் முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள்.