காவிரி நீரும் பாவாடை நாடாவும்

பெங்களூரில் கிருஷ்ணராஜபுரத்திலிருந்து பசவனகுடிக்குச் சென்ற மாதம் வீடு மாறியபோது, எங்களோடு வந்த பொருள்களிலேயே மிகுந்த கோபத்துடன் வந்து சேர்ந்தது பதினோரு வயதான டிஷ்வாஷர்தான். நிறுத்தி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று மூன்று முறை சொல்லியும், லாரியில் அதைப் பாயில் படுத்த தாத்தாவைப் போல மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள்.

புது வீட்டில் பாத்திரம், துணி கழுவும் இடமான யுடிலிட்டியில் இணைப்புக் கொடுத்து ஸ்விட்சைப் போட்டதும், தண்ணீர் துளியும் எடுக்காமல் வெளியேற்றும் மோட்டார் மட்டும் நிற்காமல் ஓடியது. உள்ளே இல்லாத நீரை அது எங்கே வெளியேற்றுகிறது என்று நான் வியந்துகொண்டிருக்க, திருநெல்வேலியிலிருந்து உதவிக்கு வந்திருந்த அம்மா, "பாத்திரமெல்லாம் நான் தேய்ச்சுக் கவுத்தாச்சு, நீ இன்னும் கதவைத் தொறந்து தொறந்து மூடிட்டிருக்கே" என்றார்.

இயந்திரத்தின் அடித்தட்டில் ஒரு தெர்மாகோல் மிதவை உண்டு. எங்காவது கசிந்து அந்தத் தட்டில் நீர் தேங்கினால் மிதவை எழும்பி ஒரு சின்ன ஸ்விட்சை அழுத்தும். உடனே இயந்திரம், வீடு வெள்ளக்காடாகிவிடும் என்று அஞ்சி, நீர் வரும் வால்வை மூடிவிட்டு மோட்டாரை ஓட விடும். லாரியில் படுத்திருந்தபோது உள்ளே மிச்சமிருந்த நீரெல்லாம் அந்தத் தட்டுக்கு இறங்கியிருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, கீழ்ப்பலகையைக் கழற்றி, பழைய பனியனால் ஒற்றி ஒற்றிப் பிழிந்ததில் ஒரு சொம்பு நீர் தேறியது. மிதவை பொத்தென்று இறங்கிய ஓசையைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதம் சற்று அதிகம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஏனென்றால் அடுத்த சுற்றில் இயந்திரம் தண்ணீரை எடுத்தது, எடுத்தது, எடுத்துக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால் தட்டுகளில் சாம்பார் அப்படியே காய்ந்திருக்க, அடியில் ஒரு கரண்டி நீர்கூட இல்லை. நீர் வரும் குழாயின் வலையைத் தேய்த்தேன். பழைய வீட்டு போர்வெல் நீரின் உப்பு அடைத்திருந்த, நீரைப் பீய்ச்சும் சுழல் கைகளின் துளைகளை ஊக்கால் குத்தினேன். பயனில்லை. தரையில் கழிவுநீர் இறங்கும் நானி ட்ராப்பில் மட்டும் சலசலவென்று ஓடையின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் மேட்டில் ஏற்றிக் கொண்டுவரும் காவிரி நீர் அது. தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க எத்தனை ஆண்டுகள் பிடித்தன! என் டிஷ்வாஷரோ எந்த உத்தரவுக்கும் காத்திராமல் மதகைத் திறந்துவிட்டிருந்தது. இந்தப் பக்கத்துக் கழிவுநீர் விருஷபாவதி ஆற்றில் விழுந்து, அர்க்காவதி வழியாக மீண்டும் காவிரியையே சேர்கிறது என்பதால், ஒரு தமிழனாக நான் முற்றிலும் வருந்தினேன் என்றும் சொல்ல முடியாது.

அம்மாதான் குனிந்து பார்த்தார். "ரேஷன் மண்ணெண்ணெயை டின்னுல இருந்து டியூப் வச்சு உறிஞ்சி விடுவோமே, அது மாதிரில்லா இருக்கு. வாயைத் தரையில போட்டா ஒழுகத்தானே செய்யும்?"

அதேதான். சுற்றின் தொடக்கத்தில் மோட்டார் சிறிது ஓடிப் பழைய நீரைத் தள்ளும்போது கழிவுக்குழாய் முழுதும் நிரம்பிவிடுகிறது. அதன் முனை தரையில் தாழ்ந்து கிடந்தால், மோட்டார் நின்ற பின்னும் நீர் தன்னால் இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். குழாய் ஓரளவு உயரத்துக்கு ஏறி வளைந்த பிறகே இறங்க வேண்டும் என்று கையேட்டில் படமே போட்டிருக்கிறது. அந்தக் கையேட்டைத்தான் பீங்கான் தட்டுகளுக்கு இடையில் வைத்துப் பொதிந்திருந்தேன்.

குழாயைத் தூக்கிப் பிடிக்கக் கொக்கி எதுவும் அகப்படாததால், அம்மா தம் பெட்டியிலிருந்து ஒரு பாவாடை நாடாவை எடுத்துவந்து, இடுப்பு உயரத்திலிருந்த துணி துவைக்கும் குழாயோடு சேர்த்துச் சுருக்குப் போட்டுக் கட்டினார். இயந்திரம் அளவாக நீர் எடுத்து, பழைய குரலில் உறுமத் தொடங்கியது.

மறுநாள் காலை, ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த பிளம்பர் வந்தார். நாடாவை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, "சென்னாகிதே சார், முட்டபேடி" (நன்றாக இருக்கிறது சார், தொடாதீர்கள்) என்று கன்னடத்தில் சொல்லி, வந்துபோன செலவுக்கு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு சென்றார். அந்த முந்நூறு தமக்குச் சேர வேண்டியது என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.