பீட்டா காலத்தில் சொல்ல வேண்டியவை

புதிய தொகுப்பியோ (நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) நிரல்மொழிப் பதிப்போ முறையாக வெளிவருவதற்கு முன்பே அதை இறக்கி, என் நிரல்களை அதில் ஓட்டிப் பார்ப்பதைப் பல ஆண்டுகளாக வழக்கமாக வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் புதிய வசதிகளை முந்திப் பார்த்துவிடும் ஆசையே என்னை இதற்குள் இழுத்தது. அந்த ஆசை இப்போது பெரிதும் அடங்கிவிட்டது. என் நிரலை உடைக்கப்போகும் மாற்றம் எதுவென்று, அதைத் திருத்தக்கூடியவர்கள் இன்னும் திருத்தத் தயாராக இருக்கும்போதே கண்டு சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இன்று இதைச் செய்கிறேன்.

அந்தக் காலம் குறுகியது. பைத்தான் மொழியை எடுத்துக்கொண்டால், ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பதிப்பு வருகிறது. ஆல்ஃபா என்னும் தொடக்கநிலை முன்பதிப்புகளில் எதுவும் மாறலாம் என்பதால், அவற்றைப் பற்றி நாம் எழுதும் அறிக்கை ஒரு வாரத்திலேயே பொருளற்றுப் போகக்கூடும். மே மாத அளவில், அடுத்த நிலை முன்பதிப்பான பீட்டாக்களில் முதலாவது வந்ததும் புதிய வசதிகள் சேர்ப்பது நின்றுவிடுகிறது. வெளியீட்டு முன்வரைவு என்று சொல்லப்படும் ஆர்சி நிலைக்குப் போன பிறகோ, தவிர்க்கவே முடியாத திருத்தங்களுக்கு மட்டும்தான் இடமுண்டு. ஆகவே இடைப்பட்ட அந்தச் சில மாதங்களில்தான் நம் சொல்லுக்கு முழு மதிப்பு இருக்கிறது. ரஸ்ட் மொழியில் இந்தச் சுற்று இன்னும் வேகமானது: நாள்தோறும் உருவாகும் நைட்லி பதிப்பிலிருந்து பீட்டா பிரிகிறது, ஆறு வாரத்தில் அதுவே நிலையான பதிப்பாகிறது.

பெரிய மொழிகளை உருவாக்குவோரே விரிவாகச் சோதிக்கும்போது நாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ரஸ்ட் குழுவினர் கிரேட்டர் என்னும் கருவியைக் கொண்டு, பொதுவில் கிடைக்கும் ஏராளமான நூலகங்களைப் புதிய தொகுப்பியில் கட்டிப் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒரு நிறுவனத்தின் மூடிய களஞ்சியத்தில் இருக்கும் நிரல் அந்தச் சோதனைக்குள் வராது. அதை எழுதியவர்கள் ஓட்டிப் பார்க்காவிட்டால் வேறு யாரும் ஓட்டிப் பார்க்கப்போவதில்லை.

சோதனைகள் எல்லாம் பச்சையாக, அதாவது வெற்றியாக, வந்துவிட்டன என்று நிறுத்திக்கொள்வதும் போதாது. பைத்தான் 3.13-இல் நிரலுக்கு இனித் தேவைப்படாத குப்பை நினைவகத்தைச் சிறுசிறு பகுதிகளாகத் திரட்டும் புதிய முறையைச் சேர்த்திருந்தார்கள். அது பீட்டா காலம் முழுவதும் உள்ளேயே இருந்தது. சிலவகை நிரல்களின் வேகத்தை அது குறைக்கிறது என்பது உறுதியானபோது ஆர்சி நிலையே வந்துவிட்டது. அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்று, மூன்றாவதாக ஓர் ஆர்சி வெளியிட்டு, 2024 அக்டோபர் 1-இல் வரவேண்டிய இறுதிப் பதிப்பை அக்டோபர் 7-க்குத் தள்ளிவைத்தார்கள். விடை சரியாக வந்து வேகம் மட்டும் குறையும் இத்தகைய கோளாற்றை நிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சரிபார்க்கும் எந்த அலகுச் சோதனையும் காட்டித் தராது. அதனால் இப்போதெல்லாம் என் நிரல்களில் மிகக் கனமான இரண்டு மூன்றை எடுத்து, பழைய பதிப்பிலும் புதியதிலும் எவ்வளவு நேரமும் நினைவகமும் பிடிக்கின்றன என்று அளந்து குறித்துவைக்கிறேன்.

இன்னும் உறுதியாகாமல் முயன்று பார்க்க மட்டும் தரப்படும் முன்னோட்ட வசதிகளை நம்பி உற்பத்தி நிரலை எழுதுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. ஜாவா மொழியின் 21-ஆம், 22-ஆம் பதிப்புகளில், உரைச் சரத்துக்குள் மதிப்புகளை இட உதவும் சர வார்ப்புருக்கள் முன்னோட்டமாக வந்தன, 23-இல் அடியோடு நீக்கப்பட்டன. முன்னோட்டம் என்பதன் பொருளே அதுதான் என்பதால் இதைக் குறையாகச் சொல்லவில்லை. முன்னோட்ட வசதியைப் பயன்படுத்தி ஒரு ஜாவா பதிப்பில் தொகுத்த கோப்பு அடுத்த பதிப்பில் ஓடாதபடி அவர்களே தடுத்துவைத்திருப்பதும் இந்த எச்சரிக்கைக்காகத்தான்.

நானே ஒருமுறை கவனக்குறைவாக இருந்திருக்கிறேன். நிரல் திருத்தி ஒன்றின் பீட்டாவை, அன்றாடம் பயன்படுத்தும் பதிப்பின் மேலேயே நிறுவிவிட்டேன். திட்ட அமைப்புக் கோப்புகளை அது கேட்காமலேயே புதிய வடிவத்துக்கு மாற்றிவிட்டது. பழைய பதிப்புக்குத் திரும்பியபோது அந்தப் பதிப்பால் அவற்றைப் படிக்க இயலவில்லை. கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கருவியான கிட்டில் அவற்றை நான் சேர்த்திருக்கவும் இல்லை என்பதால் அரை நாள் வேலை வீணாயிற்று. அன்றிலிருந்து இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்கிறேன். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் நிரல் திருத்தியின் முன்பதிப்பான இன்சைடர்ஸ் போல, தன் அமைப்புகளைத் தனியாக வைத்துக்கொண்டு நிலையான பதிப்பின் பக்கத்திலேயே இருக்கும் கருவிகள் இந்த வகையில் பெரும் உதவி. தானியங்கிச் சோதனைத் தொடரிலும் பீட்டாவுக்கென்று தனி ஓட்டம் வைத்து, அது தோற்றாலும் மற்ற வேலை நிற்காதபடி அமைத்திருக்கிறேன். நிற்காத தோல்வியை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதால், திங்கட்கிழமைதோறும் முதல் வேலையாக அதைத் திறந்து பார்ப்பதை என் பொறுப்பாக வைத்துக்கொண்டேன்.

இதில் கடினமான பகுதி வழு அறிக்கை எழுதுவது. சென்ற ஆண்டு ஒரு தொகுப்பியின் பீட்டாவில் எங்கள் நிரல் தொகுபடாமல் நின்றது. அந்தப் பிழைச் செய்தியை அப்படியே அனுப்பியிருந்தால் அது எவருக்கும் பயன்பட்டிருக்காது, ஏனெனில் எங்கள் களஞ்சியத்தை அவர்களால் பார்க்க முடியாது. ஆகவே ஒரு கோப்பை நீக்குவது, மீண்டும் தொகுப்பது, பிழை அப்படியே இருந்தால் அடுத்ததை நீக்குவது என்று இரண்டு மாலைப்பொழுதுகள் செலவிட்டு, இருபது வரிக்குள் அதைச் சுருக்கினேன். இப்படிச் சுருக்கும்போதே பாதி வேளைகளில் தவறு என் பக்கம் இருப்பது தெரிந்துவிடும். ஆவணத்தில் உறுதியளிக்கப்படாத ஒரு நடத்தையை நான் நம்பியிருப்பேன். இம்முறை அப்படி இல்லை. பிறகு கிட் பைசெக்ட் கொண்டு, எந்த மாற்றத்தில் இது நுழைந்தது என்று தேடினேன். ஒவ்வொரு படியிலும் தேடும் பரப்பு பாதியாகக் குறைவதால், ஆயிரம் மாற்றங்களுக்கு நடுவே ஒன்றைப் பிடிக்கப் பத்துப் படிகள் போதும், ஆனால் ஒவ்வொரு படியிலும் தொகுப்பியையே புதிதாகக் கட்ட வேண்டியிருந்ததால் அதற்கு ஓர் இரவு பிடித்தது.

அந்த இருபது வரியையும், மாற்றத்தின் அடையாள எண்ணையும், நான் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டு வாக்கியங்களையும் மட்டும் எழுதி அனுப்பினேன். மறுநாளே அந்த மாற்றத்தைச் செய்தவர் பதில் எழுதினார். அடுத்த பீட்டாவில் திருத்தம் இருந்தது. என் இருபது வரிகள் அவர்களுடைய சோதனைத் தொகுப்பில் சேர்ந்துவிட்டன.