மூன்று பேர், ஒரு டபுள் பாஸ்: ஸ்டிரே கேட்ஸ் ஆல்பத்தோடு வேலை செய்த நாட்கள்

லண்டன் புறநகரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு உதவியாளராக இருந்தபோது ராக்கபில்லி (கன்ட்ரி இசை கலந்த, 50களின் ஆரம்பகால ராக் அண்டு ரோல்) குழுக்கள் அடிக்கடி வருவார்கள். பெரும்பாலும் மூன்று பேர்தான்: கிட்டார், டபுள் பாஸ் (நின்றுகொண்டு வாசிக்கும், வயலின் வடிவப் பெரிய கருவி), டிரம்ஸ். மைக் எதுவும் வைப்பதற்கு முன்னால் எங்கள் மூத்த பொறியாளர் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்பார்: "எந்த ரிகார்டு மாதிரி கேட்கணும்?" சிலர் எல்விஸின் மெம்பிஸ் காலப் பதிவுகளைச் சொல்வார்கள். நிறையப் பேர் சொன்னது, 80களில் ராக்கபில்லியைத் திரும்பக் கொண்டுவந்த அமெரிக்கக் குழுவான ஸ்டிரே கேட்ஸின் முதல் ஆல்பம்.

அதனால் அந்த ஆல்பத்தை நான் முதலில் கேட்டதே வேலைக்காகத்தான். பாஸ் எவ்வளவு முன்னால் நிற்கிறது, எக்கோ எத்தனை மில்லி நொடி கழித்து வருகிறது, ஸ்னேர் டிரம்மின் சத்தம் எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டே கேட்பேன். அப்புறம் அது என்னை விடவில்லை. இன்றுவரை, மூன்று கருவிகளை வைத்து ஒரு அறையை நிரப்புவது எப்படி என்று யாராவது கேட்டால் அந்த இசைத்தட்டைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

பிரையன் செட்சர், லீ ராக்கர், ஸ்லிம் ஜிம் ஃபேன்டம் மூவரும் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள மாசபீக்வா ஊரில் வளர்ந்தவர்கள். குழுவைத் தொடங்கியது 1979இல். லீ ராக்கரின் அப்பா ஸ்டான்லி டிரக்கர், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் பல பத்தாண்டுகள் கிளாரினெட் வாசித்த மேதை. அந்த வீட்டுப் பையன் டபுள் பாஸைச் சுழற்றி, அதன் மேல் ஏறி நின்று வாசிக்கிற இசைக்கு வந்து சேர்ந்தான். 1980இல் மூவரும் லண்டனுக்குக் கிளம்பினார்கள். அமெரிக்கா தன் 50களின் இசையை ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த நேரம் அது. பிரிட்டனில் 50களிலேயே தோன்றிய ராக் அண்டு ரோல் ரசிகர்களான டெடி பாய்ஸ் கூட்டம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஷேக்கின் ஸ்டீவன்ஸ் மாதிரிப் பாடகர்கள் அடுத்த வருடமே தரவரிசையின் உச்சிக்குப் போகிற சூழல் அங்கே இருந்தது.

அங்கே அவர்களுக்குக் கிடைத்த தயாரிப்பாளர் டேவ் எட்மண்ட்ஸ். வேல்ஸ்காரர், தானே கிட்டார் வாசிப்பவர், பழைய ராக் அண்டு ரோலை ஸ்டுடியோவில் எப்படிக் கட்ட வேண்டும் என்று பல வருடம் தனியாக உட்கார்ந்து பழகியவர். ஆல்பம் 1981 பிப்ரவரியில் அரிஸ்டா நிறுவனம் வழியாக வந்தது, பிரிட்டனில் 6ஆம் இடம் வரை போனது. அதிலிருந்து வந்த சிங்கிள்களில் 'ரன்அவே பாய்ஸ்', 'ராக் திஸ் டவுன்' இரண்டும் 9ஆம் இடம், 'ஸ்டிரே கேட் ஸ்டிரட்' 11ஆம் இடம்.

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். டபுள் பாஸை ராக்கபில்லி முறையில் வாசிப்பவர் கம்பியை இழுத்து விடுவார். அது விரல்பலகையில் மோதித் 'டக்' என்று ஒலிக்கும். இடையிடையே உள்ளங்கையாலும் அறைவார். ஆக ஒரே கருவியிலிருந்து இரண்டு சத்தம் வருகிறது. அடியில் ஒரு ஸ்வரம், அதன் தலையில் ஒரு தாளத் தட்டு. 1954இல் மெம்பிஸின் சன் ஸ்டுடியோவில் எல்விஸ் முதல் சிங்கிளைப் பாடியபோது டிரம்மரே கிடையாது. பில் பிளாக்கின் பாஸ்தான் தாளத்தையும் தாங்கியது. இதைப் பதிவு செய்யும்போது ஒரு மைக்கை பாஸின் உடலில் உள்ள 'எஃப்' வடிவத் துளைக்கு அருகிலும் இன்னொன்றை விரல்பலகைக்கு அருகிலும் வைப்போம். சிக்கல் என்னவென்றால், இரண்டாவது மைக்கில் பாஸைவிட டிரம்ஸ்தான் அதிகமாக விழும். ஒரே அறையில் மூவரும் சேர்ந்து வாசித்தால்தான் இந்த இசைக்கு உயிர் வரும் என்பதால், பிரித்துத் தனித்தனி அறையில் உட்கார வைக்கவும் மனம் வராது. டிரம்மரின் பக்கம் பாஸின் முதுகு இருக்கும்படி ஆளை அரை அடி, ஒரு அடி என்று நகர்த்தி நகர்த்தித்தான் அதைச் சரிசெய்வோம்.

ஸ்டிரே கேட்ஸ் பதிவில் இந்தத் 'டக்' ஒவ்வொன்றும் தெளிவாக விழுகிறது. காரணம் பாஸ் மட்டும் இல்லை, டிரம்மரும்தான். ஸ்லிம் ஜிம் நின்றுகொண்டு வாசிப்பவர். அவர் முன்னால் காலால் அடிக்கும் ஒரு கிக் டிரம், ஒரு ஸ்னேர், ஓரிரு சிம்பல், அவ்வளவே. டிரம்ஸ் குறைவாக இருக்கும் இடத்தில் பாஸ் நுழைந்துகொள்கிறது. எங்களிடம் வந்த ஒரு குழுவில் டிரம்மர் முழு செட்டையும் கொண்டுவந்து விரித்தார். எங்கள் மூத்த பொறியாளர் இந்த ஆல்பத்தின் இரண்டு பாட்டைப் போட்டுக் காட்டினார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. டிரம்மர் டாம்-டாம் என்ற கூடுதல் டிரம்களை எடுத்து ஓரமாக வைத்தார். அன்று மாலைக்குள் நான்கு பாட்டு முடிந்தது.

எக்கோவும் அப்படித்தான். சன் ஸ்டுடியோவில் அதன் உரிமையாளர் சாம் ஃபிலிப்ஸ் இரண்டாவது டேப் எந்திரத்தைப் பயன்படுத்தி, பதியும் தலைக்கும் வாசிக்கும் தலைக்கும் இடையில் டேப் ஓடும் நேரத்தையே எக்கோவாக மாற்றினார். செட்சர் தன் கிரெட்ச் கிட்டாருக்கு ரோலண்ட் டேப் எக்கோவைப் போட்டார். வேகமான பாட்டில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியாது. நிமிடத்துக்கு 200 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு 300 மில்லி நொடி. ஷஃபிள் தாளம் அதை மூன்றாக வெட்டுகிறது. எக்கோ 100க்குப் பக்கத்தில் நின்றால் தாளத்துக்குள் உட்காரும். 150க்குப் போனால் கிட்டார் தன் காலையே மிதிக்கும்.

இந்த ஆல்பத்தை வெறும் நகல் என்று சொன்னவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கொண்டையையும் பச்சை குத்திய கைகளையும் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 50களின் எந்தப் பதிவோடும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். டிரம்ஸ் இவ்வளவு முன்னால் வராது, 70களின் பங்க் ராக் கேட்டு வளர்ந்த இந்த வேகமும் அங்கே கிடையாது. 'ஸ்டிரே கேட் ஸ்டிரட்'டில் சி மைனரிலிருந்து படிப்படியாக இறங்கும் கார்டுகளுக்கு (ஸ்வரக் கூட்டுகளுக்கு) நடுவே செட்சர் வாசிக்கும் சோலோவில் ஜாஸ் இருக்கிறது. 'ஸ்டார்ம் தி எம்பசி' பாட்டு, டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தில் பிணைக்கைதிகளைப் பிடித்து வைத்திருந்த விவகாரத்தைப் பாடுகிறது. பழசை நகலெடுக்க வந்தவர்களுக்கு அன்றைய செய்தித்தாள் எதற்கு?

அதே 1981இன் கடைசியில் வந்த இரண்டாவது ஆல்பம் 'கானா பால்' எட்மண்ட்ஸ் இல்லாமல் செய்தது. பிரிட்டனில் 48ஆம் இடத்தோடு நின்றது, விமர்சகர்களும் கைவிட்டார்கள். சொந்த நாட்டில் அதுவரை அவர்களுக்கு ஆல்பமே வெளியாகவில்லை. 1982 ஜூனில் இ.எம்.ஐ. அமெரிக்கா நிறுவனம் முதல் ஆல்பத்திலிருந்து 6 பாட்டு, இரண்டாவதிலிருந்து 5 பாட்டு, புதிதாக ஒன்று என்று சேர்த்து 'பில்ட் ஃபார் ஸ்பீட்' என்ற பெயரில் வெளியிட்டது. அது அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 2ஆம் இடத்துக்கு ஏறி 15 வாரம் அங்கேயே இருந்தது. ஆஸ்திரேலியக் குழு மென் அட் வொர்க்கின் ஆல்பம் முதலிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இல்லையென்றால் இவர்கள் அங்கே போயிருப்பார்கள். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

எம்.டி.வி.தான் காரணம் என்று சொல்வார்கள். 1981 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் தொலைக்காட்சி வீடியோக்களுக்காகப் பசியோடு இருந்தது, இவர்களின் தோற்றம் அதற்குப் பொருந்தியது, உண்மைதான். ஆனால் வீடியோ ஒருவரைக் கடை வரைக்கும் கூட்டிப் போகலாம்; இசைத்தட்டை வீட்டில் திரும்பத் திரும்பச் சுழல விடுவது சத்தம்தான். சின்தசைசர் எல்லாப் பக்கமும் நிரம்பி வழிந்த வருடத்தில் ஒரு மரப்பெட்டியின் 'டக்' ஓசை வானொலியில் எப்படித் தனித்துக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கைவிடப்பட்ட இரண்டாவது ஆல்பத்தின் 5 பாட்டுகளும் அந்த விற்பனைக்குள்தான் இருக்கின்றன. 'லோன்லி சம்மர் நைட்ஸ்' அவற்றில் ஒன்று. மெதுவான அந்தப் பாட்டுக்கு லண்டனில் காது கொடுத்தவர்கள் குறைவு; கடல் தாண்டியதும், நல்ல பாட்டுகளுக்கு இடையில் அதற்கு ஒரு இடம் கிடைத்ததும், அதே பதிவு அமெரிக்க வீடுகளில் ஓடியது. ஆகவே எங்களிடம் வரும் குழுக்கள் ஆல்பத்தில் பாட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்று கேட்கும்போது நான் அவசரப்படுவதில்லை. அமெரிக்கத் தொகுப்பையும் லண்டன் ஆல்பங்கள் இரண்டையும் மேசையில் வைத்து, அந்தப் பாட்டு ஒவ்வொன்றிலும் எதற்கு அடுத்து வருகிறது என்று முதலில் கேட்கச் சொல்கிறேன்.